டீ வாங்கப் போன நேரத்தில்

"கடைசித் திருகை எப்ப அம்மிணி சொல்லித் தருவீங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

தமயந்தி வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"எந்தத் திருகுங்ணா?"

"அதானுங்க. எல்லாரும் ஒளிச்சு வச்சிருக்கற திருகு."

ஸ்பானர் சத்தம் நின்றது. வண்டிக்கு அடியிலிருந்து கரி படிந்த ஒரு கை நீண்டு, சுவரில் மாட்டியிருந்த தூக்குப்போசியைக் காட்டியது.

"ரெண்டு டீ வாங்கியாங்ணா."

நாச்சிமுத்துவின் முகம் சுருங்கியது. சரிதான், இவளும் அந்தக் கூட்டம்தான் என்று நினைத்துக்கொண்டார். போசியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். டீக்கடையில் நின்ற நேரமெல்லாம் கழுத்தைத் திருப்பித் தமயந்தியின் பட்டறையையே பார்த்தார்.

திரும்பி வந்தபோது தமயந்தி மிதிக்க, அவருடைய வண்டி டைனோ மேல் பாடிக்கொண்டிருந்தது. சக்கரங்களை இரும்பு உருளைமேல் நிறுத்தி, வண்டி நகராமலே அதை ஓட்டிப் பலம் பார்க்கிற மேடை அது. காலையிலிருந்து அவர் மிதித்து மிதித்துப் பார்த்தும் வராத பலம், அவர் டீ வாங்கப் போன நேரத்தில் வந்திருந்தது.

"என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்ணா. குடிங்க, ஆறுது."

நாச்சிமுத்து டீயை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். அதை வாங்கி வந்ததே அவர்தான் என்பது வேறு விஷயம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூரில் ரேஸ் வண்டிகளுக்கு எஞ்சின் கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். கைசுத்தமான வேலைக்காரர். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைத்தால், ஊரில் இத்தனை பேர் இருக்க நம்மை எதற்குக் கூப்பிடுகிறார் என்று யோசிக்கிற ஆள்.

அவர் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. டீதான் அவரை அப்படி ஆக்கியது.

அவர் தொழில் கற்றது மருதாசல மேஸ்திரியிடம். அது கார்புரேட்டர் காலம்; எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலையும் காற்றையும் ஒரு திருகைத் திருப்பித்தான் சரிபண்ணுவார்கள். மேஸ்திரி எஞ்சினைப் பிரிப்பதும் கோப்பதும் எல்லார் கண்முன்னாலும்தான். எல்லாம் முடிந்ததும் ஒரு குட்டை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார்.

எடுத்ததும், "நாச்சி, டீ வாங்கியாடா" என்பார்.

நாச்சி போய்விட்டு வருவதற்குள் எஞ்சின் சரியாகியிருக்கும். கடைசித் திருகை யாருக்கும் காட்டக் கூடாது என்பது அந்தப் பட்டறையில் எழுதாத சட்டம்.

ஒருமுறை போசியைத் தெருக்குழாய் மேடையில் வைத்துவிட்டு ஓடிவந்து, தகரச் சுவரின் ஓட்டையில் கண்ணை வைத்தார். மேஸ்திரியின் முதுகு தெரிந்தது. முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மேஸ்திரி காலமானார். கடைசித் திருகும் அவரோடு போய்விட்டது.

பிறகு நாச்சிமுத்து தானாகவே திருப்பித் திருப்பிப் பழகிச் சொந்தப் பட்டறை போட்டார். ஆரோக்கியம் என்று ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்தபோது மீசை அரும்பவில்லை. இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். இத்தனை காலமும் நாச்சிமுத்து குட்டை ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போதெல்லாம், ஆரோக்கியம் தானாகவே போசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டே அவன் சொன்னான்.

"மொதலாளி, இந்த ரேஸ் வண்டி முடிஞ்சதும் நான் நின்னுக்கறேனுங்க."

"எதுக்குடா?"

"சும்மாதானுங்க."

ஆரோக்கியம் இல்லாத பட்டறையை நாச்சிமுத்துவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தப் பக்கம் இவர் போல்ட்டைப் பிடித்தால், கேட்காமலே அந்தப் பக்கம் நட்டைப் பிடிக்கிற கை அது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நாச்சிமுத்துவுக்கு எந்த வலியும் சந்தேகமாகத்தான் வெளியே வரும்.

யாராவது சும்மா போவானா? மேற்கே புதிதாக ஒரு பட்டறை வந்திருக்கிறது. அங்கேதான் போகிறான். நம் வேலையெல்லாம் கற்றுக்கொண்டு போகிறான்.

மறுநாள் ஆரோக்கியம் கடைக்குப் போன சமயம் அவனுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார். தயிர்சாதமும் நார்த்தங்காயும் இருந்தன. தயிர்சாதத்தைக் கொஞ்சம் கிளறியும் பார்த்தார்.

அதன் பிறகுதான் தமயந்தியைத் தேடி வந்தார். ஆரோக்கியம் கற்றுக்கொண்டு போக முடியாத ஒன்று தன் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

தமயந்தி அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவள். நீலாம்பூர்ப் பக்கம் ஒரு பழைய பஞ்சு கோடவுனைப் பிடித்துப் பட்டறை வைத்திருந்தாள். எந்த எஞ்சினுக்கும் டர்போ பூட்டி, இருந்த பலத்தை ஒன்றரை மடங்காக்கிவிடுவாள் என்று ரேஸ்காரர்கள் பேசிக்கொண்டார்கள். குறைவாகப் பேசுவாள். குறைவாகப் பேசுகிறவர்கள்மேல் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம் அதிகம். நிறையப் பேசுகிறவர்கள்மேலும் அப்படித்தான்.

டர்போவில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. எஞ்சின் கக்குகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதோடு சேர்ந்த இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிவதும் கூடும், பலமும் கூடும். காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. அவை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை ஓட ஓட மாற்றிக்கொள்கிற ஏற்பாடும் இந்த எஞ்சினில் இருந்தது. அந்தக் கணக்கை லேப்டாப்பில் போட்டு எஞ்சினுக்கு ஏற்றிவிட வேண்டும்.

அவர் வந்த முதல் நாளே தமயந்தி சொன்னாள்.

"மிதிச்சா காலை எடுக்காதீங்ணா. வச்சுட்டே இருங்க. வரும்."

நாச்சிமுத்து தலையாட்டினார். எஞ்சின் சூடேறிப் பிஸ்டனில் ஓட்டை விழட்டும் என்று பார்க்கிறாள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

*

டீ குடித்த மறுநாள் அவர் மறுபடி வந்தார்.

"கீழ் வேகத்துல எஞ்சின் செத்துக் கெடக்குதுங்க. டர்போ எந்திரிக்கவே மாட்டேங்குது."

"வால்வுக் கணக்கை யாரு போட்டது?"

"நாந்தானுங்க."

தமயந்தி லேப்டாப்பைப் பார்த்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"புகைக் கதவை நல்லாச் சாத்துன பொறகுதான் காத்துக் கதவைத் தொறக்கறீங்க."

"ஆமாங்க. ரெண்டும் ஒண்ணாத் தொறந்து கெடந்தா, உள்ள வர்ற நல்ல காத்து அந்த வழியே ஓடிப் போயிருமில்லீங்க?"

"சித்த அந்தப் பொறக்கதவைச் சாத்துங்ணா."

கோடவுனுக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. நாச்சிமுத்து பின்கதவைச் சாத்தினார். அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று வெளியே தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. முன்கதவு அகலத் திறந்துதான் இருந்தது. உள்ளே மட்டும் எண்ணெய்ப் புகை அசையாமல் நின்றது. இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

"இப்ப தொறங்ணா."

திறந்தார். முன்னால் நுழைந்த காற்று கோடவுனைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனது. புகை போனது. மேசைமேல் இருந்த காகிதம் போனது. நாச்சிமுத்துவின் தோளில் கிடந்த துண்டும் பறந்துபோய்ப் பின்பக்க வேலியில் மாட்டிக்கொண்டது.

"என்ற துண்டு போச்சுங்க!"

"கொஞ்சம் போகத்தான் செய்யும்."

"போனா நட்டம்தானுங்களே?"

"டர்போச் சக்கரத்தை எது சுத்துதுங்ணா?"

வெளியே போகிற புகைதான் என்று நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. போய்த் துண்டை எடுத்து வந்தார். இந்த முறை அதைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு லேப்டாப்முன் உட்கார்ந்து, கீழ் வேகத்தில் இரண்டு வால்வும் ஒரு கண நேரம் சேர்ந்து திறந்திருக்கும்படி கணக்கை மாற்றினார். மனசே இல்லாமல்தான் மாற்றினார்.

மிதித்துப் பார்த்தார். பலம் கொஞ்சம் முன்னேறியிருந்தது. ஆனால் முழுதாக வரவில்லை.

"டீ வாங்கியாங்ணா" என்றாள் தமயந்தி.

வாங்கி வந்தார். வண்டி பாடிக்கொண்டிருந்தது.

*

நாச்சிமுத்து யோசித்தார். ஏதோ ஒன்றைத் திருப்புகிறாள். நான் வருவதற்குள் பழையபடி திருப்பி வைத்துவிடுகிறாள். எதை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷைச் சட்டைப் பையில் போட்டு வந்தார். பட்டறைக்காரர்கள் திருகை இறுக்கியதும் தலையிலிருந்து உடம்புவரை ஒரு கோடு பெயின்ட் வைப்பார்கள். யாராவது திருகைத் தொட்டுத் திருப்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தமயந்தி கை கழுவப் போன நேரத்தில் நாச்சிமுத்து அவசர அவசரமாக டர்போவில் இருந்த எல்லாத் திருகுக்கும், குழாய்ப் பட்டைகளுக்கும், வால்வுகளுக்கு மேலே இருக்கிற கேம் மூடிக்கும் கோடு இழுத்தார். லேப்டாப் திரையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"டீ வாங்கியாங்ணா."

"தாராளமாப் போறனுங்க" என்று அன்று மட்டும் சந்தோஷமாகப் போனார்.

திரும்பி வந்தார். வண்டி பாடியது. போசியைக் கீழே வைத்துவிட்டுப் பானெட்டுக்குள் தலையை விட்டார்.

ஒரு கோடுகூட உடையவில்லை. திரையும் செல்போன் படமும் ஒன்றுபோல இருந்தன.

வேறொருவராக இருந்தால் அங்கே சந்தேகம் தீர்ந்திருக்கும். நாச்சிமுத்துவுக்கு அது முற்றிவிட்டது. திருகையும் தொடாமல், கணக்கையும் தொடாமல் செய்கிறாள் என்றால், எவ்வளவு பெரிய விஷயத்தை ஒளித்து வைத்திருக்கிறாள்!

"நெயில் பாலிஷ் நல்லா இருக்குதுங்ணா" என்றாள் தமயந்தி. "வீட்ல தேடப் போறாங்க."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் விடவில்லை.

"நாளைக்கு வர்றேன். நாளைக்கு நான் எங்கீயும் போறதா இல்லீங்க."

"சரிங்ணா."

*

மறுநாள் வழக்கம்போல மிதித்துப் பார்த்தார்கள். வழக்கம்போல அவர் காலுக்குப் பலம் வரவில்லை. தமயந்தி சுவரிலிருந்த போசியைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு வண்டியின் முன்னால் உட்கார்ந்தார்.

"நான் போகமாட்டனுங்க. அந்தக் காலத்துல மருதாசல மேஸ்திரி அனுப்புனாரு, போனேன். சின்ன வயசு. இப்ப நீங்க அனுப்பறீங்க. எனக்கும் வயசாச்சு அம்மிணி. என்ற ஆளு வேற விட்டுட்டுப் போறான். எல்லாரும் எதையோ வச்சுட்டு என்னை மட்டும் வெளிய அனுப்பறீங்க. இன்னைக்கு அது என்னனு பாக்காம நகர மாட்டேன்."

கடைசி வார்த்தைகளில் அவர் குரல் உடைந்துவிட்டது. அது அவருக்கே பிடிக்கவில்லை.

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு போசியைத் தானே எடுத்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்கீங்க போறீங்க?"

"டீ வாங்க."

"நீங்க போயிட்டா?"

"வண்டி இருக்குது. லேப்டாப் தொறந்திருக்குது. டூல் பொட்டி பூட்டலை."

அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

நாச்சிமுத்து இப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. முதலில் வாசலுக்கு வந்து, அவள் நிஜமாகவே டீக்கடைக்குத்தான் போகிறாளா என்று பார்த்தார். அங்கேதான் போனாள். கடை பெஞ்சில் உட்கார்ந்து யாரோடோ பேச ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவர் உள்ளே ஓடினார். பானெட்டுக்குள் பார்த்தார். வண்டிக்கு அடியில் பார்த்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். டூல் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார். சாமி படத்துக்குப் பின்னால்கூடக் கையை விட்டுத் துழாவினார். அங்கே ஒரு பல்லி இருந்தது.

ஒளித்து வைத்தது என்று ஒன்றுமே இல்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல் வண்டிக்குள் உட்கார்ந்தார். கியரைப் போட்டு மிதித்தார்.

எஞ்சின் எழுந்தது. பாதியில் திணறுவதுபோல ஒரு வெறுமை வந்தது. பிறகு சத்தம் இறங்கிவிட்டது.

மறுபடி மிதித்தார். அதே வெறுமை. அதே இறக்கம்.

மூன்றாவது முறை ஒரு சத்தம் அவர் காதில் விழுந்தது. மெல்லிய விசில். வெகு தொலைவிலிருந்து வந்துகொண்டிருந்தது, பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது.

ஏன் திரும்பிப் போனது?

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது ஆக்ஸிலேட்டரைவிட்டு ஒரு விரல் உயரம் மேலே வந்திருந்தது.

அவர் எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை. கால் தானாக எடுத்திருந்தது. கார்புரேட்டர் வண்டிகளில் எஞ்சின் திணறினால் காலைக் கொஞ்சம் தூக்க வேண்டும், தூக்கினால்தான் பிழைத்துக்கொள்ளும். வாழ்நாள் முழுதும் அப்படித் தூக்கிப் பழகிய கால் அது. இவ்வளவு நாளும், டர்போச் சக்கரம் வேகம் பிடிப்பதற்குள், தன்னைக் கேட்காமலே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நாச்சிமுத்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மிதித்தார்.

வெறுமை வந்தது. இல்லை, ஒன்றும் வரவில்லை, இது போய்விடும், பிஸ்டன் உருகிவிடும், எஞ்சின் ஹெட் வெடித்துவிடும், இவள் வேண்டுமென்றே என்னைத் தனியாக விட்டுப் போயிருக்கிறாள் என்று மனது கத்தியது. கால் துடித்தது. அவர் தொடையைக் கையால் அழுத்திக்கொண்டார்.

விசில் கேட்டது. கிட்டத்தில் கேட்டது.

பிறகு அது வந்தது.

வண்டி மேடையோடு நடுங்கியது. தகரக் கூரை கிடுகிடுத்தது. அவர் முதுகு சீட்டில் அப்பிக்கொண்டது. இத்தனை வருடத் தொழிலில் தன் காலுக்குக் கீழே அவர் இப்படி ஒரு பலத்தைக் கண்டதில்லை. நாச்சிமுத்து சத்தம்போட்டுச் சிரித்தார். தான் சிரிப்பது அவருக்கே கேட்கவில்லை.

எஞ்சினை நிறுத்தியபோது தமயந்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போசியிலிருந்து இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

நாச்சிமுத்து இறங்கி வந்தார். டீயை வாங்கிக்கொண்டார்.

"காலை எடுக்காதீங்கன்னு மொத நாளே சொன்னீங்க" என்றார்.

"ம்."

"அப்ப எதுக்கு அம்மிணி தெனமும் என்னை டீக்கு அனுப்புனீங்க?"

தமயந்தி டம்ளரைக் கையில் உருட்டினாள்.

"டீ குடிக்கத்தானுங்ணா."

நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப மருதாசல மேஸ்திரி?"

"அவரை எனக்குத் தெரியாதுங்களே" என்றாள் அவள்.

*

வண்டியைச் சிங்காநல்லூருக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது. டர்போவின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்துகிற கம்பியில் ஒரு கடைசித் திருகு மட்டும் பாக்கி. அதைத் தெருவில் ஓட்டி ஓட்டித்தான் பார்த்து வைக்க வேண்டும். அது முடிந்தால் ஆரோக்கியத்துக்கும் அங்கே வேலை முடிந்தது.

நாச்சிமுத்து குட்டை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார்.

ஆரோக்கியம் ஆணியிலிருந்து போசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"ஆரோக்கியம்."

நின்றான்.

"போசியை இங்க குடு."

நாச்சிமுத்து போசியை வாங்கிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை அவன் பக்கம் நீட்டினார். ஆரோக்கியம் அதை வாங்கவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்தான். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான்.

"எதுக்குங்க மொதலாளி? நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"இல்லடா."

"போறப்ப என்ற தலைல எதாச்சும் கட்டி விடப் பாக்கறீங்களா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை அவர் நன்றாக அறிவார். அவர் வளர்த்த பிள்ளை அது.

"நீயே திருப்பு. நீயே ஓட்டிப் பாரு. மிதிச்சா காலை எடுக்காத, வச்சுட்டே இரு" என்றார். சாவியை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டார்.

"நீங்க?"

"எனக்கு டீ வேணும்."

தெருவைக் கடந்து டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்தார். கழுத்து பட்டறைப் பக்கம் திரும்பியது. பிடித்து நேராக்கிக்கொண்டார்.

"என்னங்க, நீங்களே வந்திருக்கீங்க?" என்றார் டீக்கடைக்காரர். "ஆரோக்கியம் எங்கீங்க? போயிட்டானா?"

"உள்ள இருக்கறான்."

கொஞ்ச நேரத்தில் வண்டி பட்டறையிலிருந்து வெளியே வந்தது. கடையைத் தாண்டும்போது ஆரோக்கியம் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேற்கே திரும்பினான்.

புதுப் பட்டறை மேற்கேதான் இருந்தது.

நாச்சிமுத்து எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

தூரத்தில் எஞ்சின் எழுந்தது, இறங்கியது. எழுந்தது, இறங்கியது. காலை எடுக்கிறான் என்று நாச்சிமுத்துவின் கால் தரையை அழுத்தியது. மறுபடி எழுந்தது. வெறுமை வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நீண்ட விசில் ஒன்று தெருவெல்லாம் கேட்டது. வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, வளைவில் மறைந்து, சத்தமும் தேய்ந்துபோயிற்று.

தெரு அமைதியானது. ஒரு ஆட்டோ போனது. ஒரு பால்காரர் போனார்.

"ஏனுங்க, வண்டி அந்தப் பக்கமாப் போயிருச்சுங்களே" என்றார் டீக்கடைக்காரர், போசிக்குக் கையை நீட்டியபடி.

நாச்சிமுத்து போசியைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

"போசில வேண்டாமுங்க. ரெண்டு கிளாஸ்ல ஊத்துங்க."

"ரெண்டா? இன்னொண்ணு ஆறிப் போயிருமுங்க."

"வச்சுட்டே இருங்க" என்றார் நாச்சிமுத்து. "வருவான்."